வெயிலாங்குளம் மகிழ்மன்றம் ஆப்பரா பார்த்தது

வெயிலாங்குளத்துக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னது சொன்னபடி செய்துவிடுவார்கள். அந்த ஊருக்கு இருக்கிற ஒரே கஷ்டம் அதுதான். "கொஞ்சம் கடையைப் பார்த்துக்கிடுங்க" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போனால், எதிர்ச் சாரியில் நின்று கடையையே பார்த்துக்கொண்டிருப்பார். யார் யார் என்னென்ன தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்டால் ஒன்றுவிடாமல் சொல்லவும் செய்வார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

அந்த ஊரில் மாலைநேர மகிழ்மன்றம் என்று ஒன்று உண்டு. பெயரிலேயே மகிழ் இருப்பதால் உறுப்பினர்கள் நாலு பேரும் பொழுது சாய்ந்தால் கூடி உட்கார்ந்து மகிழ்வார்கள். யாருக்காவது மனசு சரியில்லை என்றால் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் வருத்தப்பட்டு முடித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அன்றைக்குச் செயலாளர் ஆவுடையப்பன் வேப்பமரத்துக்கும் மன்றத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

எல்லாம் மகள் வடிவு போனில் சொன்ன சேதியால் வந்த வினை. வடிவு சென்னைக்குப் போய்ப் பாட்டுப் படித்த பிள்ளை. ஊரிலேயே விவரமானவள் என்று பேரெடுத்தவள்.

"அப்பா, எங்க நாடகக் கம்பெனியில ஆப்பரா போடுதோம். நாந்தான் கதாநாயகி! எங்க டைரக்டர் ரோஸ்லின் மேடம் ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் வேஷம் குடுத்திருக்காங்க. நல்லா வந்துதுன்னா அந்த வேஷம் எனக்கே எனக்கு. சொதப்பிச்சுன்னா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். உயிரைக் கொடுத்துப் பாடப்போறேன்ப்பா! மன்றத்தையும் கூட்டிட்டு வாங்க. ஆனா என் மானத்தை மட்டும் வாங்கிராதீங்க."

"நாங்க ஒண்ணும் வாங்குதாப்ல இல்ல தாயி. பாத்துட்டு வந்துருவோம்" என்றார் ஆவுடையப்பன். போனை வைத்த பிறகுதான் மகள் சொன்னது முழுசாக உறைத்தது. உயிரைக் கொடுத்தா? நேரே வேப்பமரத்தடிக்குப் போனார்.

ரயிலில் இதைப் பற்றியே பேச்சு.

"யாருக்குக் கொடுக்கப்போறாளாம்?" என்று கேட்டார் மன்றத் தலைவர் பூதலிங்கம். எதையும் ஆற அமர யோசிக்கிறவர்.

"அதைச் சொல்லலையேவே!" என்றார் ஆவுடையப்பன்.

"முழுசாவா, கொஞ்சமாவா?" என்றார் இசக்கிமுத்து.

"உயிர்ல என்னவே கொஞ்சம்? கீரைக்கட்டா அது?" என்று சீறினார் ஆவுடையப்பன்.

கோமதிநாயகம் கனைத்துக்கொண்டார். வாலிப வயதில் நாடகக் கொட்டகையில் ஆர்மோனியப் பெட்டி தூக்கியவர். தூக்க மட்டும்தான் விட்டார்கள். என்றாலும் மன்றத்தில் சங்கீதம் என்றால் அவர் வாக்குத்தான். "பதறாதீரும் அண்ணாச்சி. பாட்டு முடிஞ்சதும் திருப்பித் தந்துருவாங்களாயிருக்கும். மைக்செட்டு மாதிரி."

ஆவுடையப்பனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் மைக்செட்டுக்காரர் மன்றத்து ஆண்டு விழாவில் ஒரு குழாயைக் குறைத்துக் கொடுத்ததும் கூடவே ஞாபகம் வந்து, மறுபடியும் மூச்சு அடைத்தது.

"அது கிடக்கட்டும். ஆப்பரான்னா என்ன?" என்றார் இசக்கிமுத்து.

"அங்கன யாருமே பேச மாட்டாங்களாம். எது சொல்லணும்னாலும் பாட்டாத்தான் சொல்லணுமாம். வடிவு சொன்னா" என்றார் ஆவுடையப்பன்.

பூதலிங்கம் அதை ரயிலிலேயே தீர்மானமாக நிறைவேற்றினார். வாசலை மிதிச்சதும் ஒருத்தரும் பேசப்பிடாது, பாடித்தான் சொல்லணும். வடிவு பிழைப்பில் நம்மால் மண் விழக்கூடாது. நாலு பேரும் கை தூக்கினார்கள். எதிர் சீட்டுக்காரரும் எதற்கு வம்பு என்று தூக்கி வைத்தார். தீர்மானம் ஏகமனதானது.

அரங்கத்து வாசலில் கோட்டுப் போட்ட ஒருவர் டிக்கெட்டுகளை வாங்கிப் பார்த்து, "எந்த ஊர் சார்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோமதிநாயகம் சுருதி சேர்த்தார். "வெயிலாஆஆங்குளம்…" என்று இழுத்தார். மற்ற மூன்று பேரும், "ஆமா, வெயிலாங்குளம்!" என்று பின்பாட்டுப் பாடினார்கள். கோட்டுக்காரர் டிக்கெட்டைக் கிழிக்கவும் மறந்து வழிவிட்டார்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் இசக்கிமுத்துவுக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. கோமதிநாயகத்தின் காதோடு, "ஒண்ணுக்குப் போற இடத்தை எந்த ராகத்துல கேக்கதுவே?" என்று மோகனத்தில் கேட்டார்.

"அவசரமா, சாவகாசமா?" என்று அதே மோகனத்தில் திருப்பினார் கோமதிநாயகம்.

"ரொம்ப அவசரம்!"

"அப்போ துரித காலத்துல பாடும்."

இசக்கிமுத்து துரித காலத்தில் பாடினார். முன் வரிசை அம்மாள் ஒருத்தி திரும்பி, தலையை ஒரு பக்கமாக வெட்டி, "ஷ்ஷ்ஷ்!" என்றாள்.

"என்ன சொல்லுதாவ?" என்று பாடிக் கேட்டார் இசக்கிமுத்து.

"அந்தப் பக்கம் போய் இருங்கன்னு சொல்லுதாவ" என்று பூதலிங்கம் பாடினார். அவள் தலையாட்டிய பக்கமாகவே இசக்கிமுத்து போனார். கடவுள் புண்ணியத்தில் அந்தப் பக்கம்தான் இருந்தது.

அவர் திரும்பி வருவதற்கும் விளக்கு மங்குவதற்கும் சரியாக இருந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் சொன்னது: "அனைவரும் தங்கள் கைப்பேசிகளை அணைத்துக்கொள்ளுங்கள்."

மற்ற ஊர்க்காரர்களெல்லாம் பொத்தானை அமுக்கினார்கள். மன்றத்தார் நாலு பேரும் கைப்பேசியை எடுத்து மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார்கள். இசக்கிமுத்து பாசம் மிகுந்தவர். முத்தமும் கொடுத்தார்.

திரை விலகியது. சரிகை உடையில், தலையில் கிரீடத்தோடு வடிவு வந்து நின்றாள். ஆவுடையப்பனுக்குப் பெருமையில் கண் கலங்கியது. என்ன பாஷை என்று தெரியவில்லை, ஆனால் என்ன குரல்! மேலே போனது, இன்னும் மேலே போனது. கீழே வருமா வராதா என்று அரங்கமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஆவுடையப்பன் மட்டும் மகள் முகத்தைப் பார்த்தார். உயிரை எப்போது கொடுப்பாள்? இப்போதா? அடுத்த பாட்டிலா?

அந்த நேரம் பார்த்து இசக்கிமுத்துவின் அணைப்புக்குள் கைப்பேசி அடித்தது. வீட்டுக்காரி. எடுக்காவிட்டால் வீட்டில் சோறு கிடையாது. எடுத்து, "ஆப்பராவில் இருக்கேன், அப்புறமாப் பேசு…" என்று பாடினார். பாட்டென்றால் பாட்டு, அந்தம்மாளும் வெயிலாங்குளத்துக்காரிதான். "குடிச்சிருக்கீரா, நீரு குடிச்சிருக்கீரா!" என்று அதே மெட்டில் எடுத்துவிட்டாள். ஒலி எட்டு வரிசைக்குக் கேட்டது. மேடை ஓரத்தில் ரோஸ்லின் மேடம் தலையில் கைவைப்பதை ஆவுடையப்பன் பார்த்தார். ஐயோ, பிள்ளை பிழைப்பு போச்சே! இனி என்ன ஆனாலும் அசையக்கூடாது என்று நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் கடைசிக் காட்சியில் ராஜா வந்து வடிவின் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்தான்.

"என்னவே அது?" என்று மெல்லப் பாடினார் ஆவுடையப்பன்.

பூதலிங்கம் கண்ணைச் சுருக்கி ஆற அமரப் பார்த்தார். "பாயசமா இருந்தா அழ மாட்டா. விஷம்தான்."

வடிவு குடித்தாள். ஆவுடையப்பன் பாதி எழுந்தார். எழுந்து ஓடினால் மகள் வேஷம் போய்விடும். உட்கார்ந்திருந்தால் மகளே போய்விடுவாள். அவர் யோசிப்பதற்குள் வடிவு தடுமாறி, ஒரு பெரிய சோபாவில் சாய்ந்து, கடைசியாக ஒரு ஸ்வரத்தைப் பிடித்தாள். பிடித்தாள், பிடித்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் விட்டாள். கை தொங்கியது. தலை சரிந்தது.

"கொடுத்துட்டாளேவே!" என்று அலறினார் ஆவுடையப்பன். அந்த நேரத்திலும் தீர்மானத்தை மீறவில்லை. முகாரியில்தான் அலறினார்.

அடுத்த நிமிஷம் மேடையில் நின்றார். "நான் பெத்த மகளே! என் வடிவே! உன்னை ஆரு கேட்டா உயிரை, அள்ளிக் கொடுத்தியே!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். ராஜா வேஷக்காரன் பயந்து சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒளிந்தான். விஷம் கொடுத்தவன் ஓடத்தானே செய்வான் என்று சபை நினைத்தது. இரண்டு மணி நேரமாக ஒரு வார்த்தை புரியாமல் உட்கார்ந்திருந்த ஜனங்கள், முதன்முதலாகப் புரிந்த பாட்டைக் கேட்டதும் கைக்குட்டையை எடுத்தார்கள். "ஷ்ஷ்ஷ்" சொன்ன அம்மாள் தேம்பித் தேம்பி அழுதாள்.

மன்றம் சும்மா இருக்குமா? செயலாளர் வீட்டுத் துக்கம். மூன்று பேரும் மேடையேறி ஆவுடையப்பனைத் தேற்றினார்கள். "அழுதா ஆச்சா? பொழுதாச்சு, ஆகவேண்டியதைப் பாரும்" என்று பூதலிங்கம் பாடினார். நாலு பேரும் ஆளுக்கொரு காலாகச் சோபாவைத் தூக்கினார்கள். மேடையை விட்டு இறங்கி, நடுப்பாதை வழியாக, கோமதிநாயகம் பாட மற்றவர்கள் வாங்கிப் பாட, வடிவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அரங்கமே எழுந்து நின்று தட்டியது. சிலர் பின்னாலேயே வந்தார்கள். கோட்டுக்காரர் கதவை அகலத் திறந்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

தெருவிளக்கடியில் சோபாவை இறக்கியபோது ரோஸ்லின் மேடம் மூச்சிரைக்க ஓடிவந்தார். "வடிவு! எழுந்திரும்மா!"

வடிவு கண்ணைத் திறக்காமல், உதட்டை அசைக்காமல் சொன்னாள்: "திரை விழுறவரைக்கும் செத்துக் கிடக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க மேடம். இன்னும் விழலையே."

மேடம் ஒரு நிமிஷம் வானத்தைப் பார்த்தார். பிறகு தன் சால்வையை உருவி வடிவின்மேல் போட்டார். "விழுந்தாச்சு."

வடிவு எழுந்து உட்கார்ந்தாள். ஆவுடையப்பன் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், கிள்ளியும் பார்த்தார். "திருப்பித் தந்துட்டாங்களா தாயி? குறையில்லாமத் தந்தாங்களா?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதார். இந்தத் தடவை ராகமில்லை.

"சார், அழாதீங்க" என்றார் ரோஸ்லின் மேடம். உள்ளே கைதட்டல் இன்னும் ஓயவில்லை. "இப்படி ஒரு வரவேற்பை நான் பார்த்ததே இல்லை. வடிவு, அந்த வேஷம் உனக்குத்தான். இனிமே எல்லா ஆட்டத்துக்கும் நீதான் கதாநாயகி. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துடு."

வடிவு சந்தோஷத்தில் துள்ளி எழுந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் ஏதோ நினைவு வந்து, முகம் வாடி, பூதலிங்கத்தைப் பார்த்தாள். பூதலிங்கம் ஆற அமர யோசித்து, முடியாது என்று தலையசைத்தார். மற்ற இரண்டு பேரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றார்கள்.

"மன்னிச்சுக்கிடுங்க மேடம்" என்றாள் வடிவு. "காரியமெல்லாம் முடியாம மேடை ஏறப்பிடாது. எங்க வீட்ல ஒரு சாவு."

"ஐயையோ! யாரும்மா?"

"நாந்தான் மேடம்."