வாசலில் கூப்பிடுகிறவள்

குமுதவல்லி அம்மையின் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒருவர் வாசலில் நின்று, "பசித்தவர் யாரும் உண்டோ?" என்று மூன்று முறை உரக்கக் கேட்க வேண்டும். மலைக்குப் போகிறவர்கள் அதைக் கேட்டுத்தான் உள்ளே வருவார்கள். கூப்பிடாமல் இலை போட மாட்டார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை முதல் அந்த முறை மூத்த சிஷ்யை அஞ்சுகத்துக்கு. அவளுக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய்.

"அக்கா கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள குழம்பு ஆறிப்போயிடும்" என்றாள் சமையல்கட்டுப் பொன்னுருவி. எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சுகமும் சிரித்து வைத்தாள்.

அன்றிலிருந்து மாட்டுத்தொழுவத்துச் சுவரைப் பார்த்து நின்று அந்த மூன்று சொற்களையே சொல்லிக்கொண்டிருந்தாள். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தாள். வாயைக் கட்டினால் நாக்கு அடங்கும் என்று சாப்பாட்டையும் விட்டாள். தூக்கம் தானாகவே போய்விட்டது.

புதன்கிழமை முதல் எழுத்தே வரவில்லை. அழுதுகொண்டே அம்மையிடம் போனாள். அம்மை அவளைவிடப் பத்து வயது சின்னவர். மூத்த சிஷ்யைகளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"எ... என்னை மாத்திடுங்கம்மா. இல்லேன்னா ஊருக்கே போயிடறேன். நான் வாயத் தெறக்கிறதுக்குள்ள பசியோட வர்றவங்க தாண்டிப் போயிடுவாங்க."

"நேத்து என்ன சாப்பிட்டீங்க, அக்கா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"முந்தாநாள்?"

அஞ்சுகம் தரையைப் பார்த்தாள்.

மதிய மணி அடித்தது. அன்று கூப்பிட வேண்டியவளை நிறுத்திவிட்டு அம்மையே வாசலுக்குப் போனார். தெருவுக்கு முதுகைக் காட்டி, மடத்தைப் பார்த்து நின்றார்.

"பசித்தவர் யாரும் உண்டோ?"

உள்ளே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மை மறுபடியும் கேட்டார். மூன்றாம் முறைக்கு, தூணுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"உ... உண்டும்மா."

அதன் பிறகுதான் அம்மை தெருப்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

அஞ்சுகத்துக்கு முதலில் கஞ்சி கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை வரை அவளைப் படுத்திருக்கச் சொன்னார் அம்மை; அவள் கூட்டும் தொழுவத்தை இரண்டு நாளும் பொன்னுருவி கூட்டினாள்.

"பகல்ல சும்மா படுத்திருக்கக் கூச்சமா இருக்கும்மா" என்றாள் அஞ்சுகம்.

"இருக்கட்டும். கூச்சத்தோடயே படுங்க."

வெள்ளிக்கிழமை அஞ்சுகம் வாசலில் நின்றாள். முதல் சொல் அடைத்துக்கொண்டது. அவள் அதை முட்டித் தள்ளவில்லை. வாயை மூடி, மூச்சை விட்டு, மறுபடி தொடங்கினாள். தலையில் மூட்டையோடு போன இருவர் நின்றார்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை நின்றார்கள். இரண்டாம் முறை சுலபமாக வந்தது. மூன்றாம் முறை திரும்பவும் அடைத்தது.

ஒன்பது பேர் உள்ளே வந்து சாப்பிட்டார்கள். குழம்பு சூடாகத்தான் இருந்தது.

கடைசி இலையில் அஞ்சுகம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மை வந்தார்.

"இன்னும் தி... திக்குதும்மா" என்றாள்.

"நாளைக்கும் திக்கலாம், அக்கா. கையைக் கழுவிட்டுப் போய்ப் படுங்க."