முதல் அடி

"அடிக்குது மாஸ்டர். ஆனா வெடிக்க மாட்டேங்குது" என்றார் தேவசகாயம்.

வேறொருவரின் ரிவால்வரைப் பிரித்துக்கொண்டிருந்த பௌசியா தலையை நிமிர்த்தவில்லை. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. வனத்துறையில் ஓய்வு பெற்ற அவருக்கு அறுபத்தொன்று. ஆனாலும் அந்த ரைபிள் கிளப்பில் துப்பாக்கி கெட்டுப்போனால் எல்லாரும் மாஸ்டர் என்று தேடி வருவது அவளைத்தான்.

"ஆறுல எத்தனை வெடிக்கல?"

"ரெண்டு. சில நாள் மூணு. அதே தோட்டாவை மறுபடி அடிச்சா வெடிச்சிருது. அதான் மண்டையைக் குடையுது."

ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்குத் தேர்வு. வெடிக்காத தோட்டாவுக்குச் சைபர். போன இரண்டு வருடமும் அப்படித்தான் அவர் பெயர் விட்டுப்போனது. அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும்.

"என்னெல்லாம் செஞ்சு பார்த்தீங்க?"

"வேற தோட்டா வாங்கினேன். தோட்டாவை அடிக்கிற ஊசியைப் புதுசாப் போட்டேன். ஸ்பிரிங்கை மாத்தினேன். அதுவும் போதலைன்னு அதைவிட முரட்டு ஸ்பிரிங். இப்போ ட்ரிக்கரை இழுத்தா கையே ஆடுது."

"இன்னும் பலமா அடிக்கணும்னு நினைச்சீங்க."

"பின்னே?"

அவள் அவருடைய ரிவால்வரைத் திறந்து, காலி என்று பார்த்து, தோட்டா போடும் ஆறு குழி உருளையைத் தனியே கழற்றினாள். அதன் ஒரு குழியில் தோட்டாவைப் போட்டாள்.

தோட்டா முழுசாக இறங்கவில்லை. ஒரு மயிரிழை வெளியே நின்றது.

கட்டைவிரலால் அழுத்தினாள். உள்ளே போய் உட்கார்ந்தது.

"முதல் அடி இதை உள்ளே தள்ளவே சரியாப் போச்சு சார்."

தேவசகாயத்துக்குப் பாதி விளங்கியது. பாதி இன்னும் குழம்பியது.

"அதை உள்ளே போக விடாம எது தடுக்குது?"

"குழி ஓரத்துல நகத்தை வச்சுப் பாருங்க."

தோட்டாவை எடுத்துவிட்டு வைத்துப் பார்த்தார். நகம் சிக்கியது. விளிம்பில் கடுகளவு இரும்பு நசுங்கி உள்ளே பிதுங்கியிருந்தது. அடுத்த குழி. அதிலும். ஆறிலும் அதே இடத்தில்.

"எந்தப் பாவி பார்த்த வேலை இது? உருளையைக் கடைஞ்சவனைக் கூப்பிட்டுக் கேக்கணும்!"

பௌசியா உருளையை மாட்டினாள். காலி என்று இன்னொரு முறை பார்த்து அவரிடம் நீட்டினாள்.

"வீட்டுல எப்படிப் பழகுவீங்க? அந்த மணல் மூட்டையைப் பார்த்துச் செஞ்சு காட்டுங்க."

அவர் முகம் மலர்ந்தது. இதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. காலை ஊன்றி நின்று கையை நீட்டினார்.

டக். டக். டக்.

"காலையில இருநூறு, சாயங்காலம் இருநூறு. காய்ச்சல்ல படுத்த அன்னைக்குக்கூட விட்டதில்ல, மாஸ்டர்."

"தோட்டா போட்டா?"

"வீட்டுக்குள்ளயா? நல்லா கேட்டீங்க. வெறும் துப்பாக்கிதான்."

"அப்போ ஊசி எதுல போய் அடிச்சுது?"

தேவசகாயம் உருளையைத் திறந்து அந்த ஆறு விளிம்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பௌசியா, பிதுங்கிய விளிம்பை நிமிர்த்தும் கூம்பு முனை கொண்ட எஃகுக் கம்பி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிருமா, மாஸ்டர்?"

"துப்பாக்கி அரை மணி நேரத்துல சரியாயிரும் சார். அந்த இருநூறைத்தான் நீங்க விடணும்."