ஸ்டோர்ஸ் சென்னியப்பண்ணனின் சாயத் துப்பாக்கி

எங்கள் ஸ்டோர்ஸ் சென்னியப்பண்ணன் பொய் சொல்லமாட்டார். நடந்ததைச் சொல்வார், நடந்திருக்க வேண்டியதையும் கூடவே சொல்வார். ரெண்டுக்கும் நடுவில் மூச்சு விடமாட்டார் என்பதால் எது எது என்று பிரித்துப் பார்க்க நமக்கு நேரம் கிடைக்காது.

போன தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் எங்கள் பம்ப் கம்பெனி எல்லோரையும் வேனில் ஏற்றி, கோயமுத்தூருக்கு வெளியே ஒரு பெயிண்ட்பால் மைதானத்துக்குக் கூட்டிப்போனது. காற்றில் இயங்கும் துப்பாக்கியால் சாயக் குண்டு சுடுகிற விளையாட்டு. மேலே சாயம் பட்டால் அவுட். எதிர்க்கட்சியின் கொடியைப் பிடுங்கினால் வெற்றி. ஸ்டோர்ஸும் பேக்கிங்கும் சேர்ந்து நாங்கள் ஒரு கட்சி, சேல்ஸ் ஒரு கட்சி. சிரித்துக்கொண்டுதான் வேனை விட்டு இறங்கினோம். அப்போது மேனேஜர் சொன்னார், தீபாவளியன்று ஒரு எக்ஸ்போர்ட் லோடு போகிறதாம், தோற்கிற கட்சிதான் வந்து ஏற்ற வேண்டுமாம்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆவணியில்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. தலை தீபாவளி. பெருந்துறையில் மாமனார் சொந்தபந்தம் அத்தனை பேரையும் அழைத்து வைத்திருந்தார். "நீங்க வரலீன்னா எங்கப்பா நாலு பேரு முன்னால தலை நிமிர முடியாதுங்க" என்று என் மனைவி சுகந்தி அன்று காலையில்கூடச் சொல்லி அனுப்பியிருந்தாள். கெஞ்சுகிறாளா, மிரட்டுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியாத குரல் அவளுக்கு.

சாமான் கொடுக்கிற இடம் ஒரு தகரக் கொட்டகை. நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அந்தப் பக்கம் சேல்ஸ், இந்தப் பக்கம் நாங்கள். மைதானத்துக்காரர் அன்வர் பாய் ரெண்டு அலமாரியைக் காட்டினார். "புதுசா ஆடறவங்களுக்கு இது. ஆடிப் பழகினவங்களுக்கு அது." நாங்கள் மொத்தமாக முதல் அலமாரிக்கு ஓடினோம். சென்னியப்பண்ணன் மட்டும் சாவகாசமாக நடந்து ரெண்டாவதன் முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்ணா, நீங்க இதை எப்ப ஆடினீங்க?" என்று கேட்டார் பேக்கிங் மரகதமணியக்கா. பத்து வருஷமாக அண்ணனுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து காது தேய்ந்தவர்.

"எப்ப ஆடலீன்னு கேளு மரகதம்" என்றார் அண்ணன். "எல்லாரும் துப்பாக்கியைத்தான் முதல்ல எடுப்பாங்க. தப்பு. முதல்ல முகமூடி. கண்ணு போச்சுன்னா கடையில கிடைக்குமா? அதுலயும் ரெட்டைக் கண்ணாடி போட்டதுதான் எடுக்கோணும். ஒத்தைக் கண்ணாடின்னா மூச்சு பட்டதும் பனி மூடிக்கும். ஊட்டியில நான் தெரியாத்தனமா ஒத்தைக் கண்ணாடி மாட்டிட்டு ஆடினேன். மூச்சு உட்டேன். உள்ளே புகை மாதிரி மூடுச்சு. துடைக்கலாம்னு கழட்டுனேன் பாரு, அத்தனையும் வெளியே வந்து ஊட்டியையே மூடிருச்சு. மேலே வந்த பஸ்ஸெல்லாம் பாதி மலையில நின்னுபோச்சு."

"அப்ப இன்னிக்கும் அங்க இருக்கற பனி?"

"அது மிச்சம்."

முகமூடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அன்வர் பாயின் கை மட்டும் ஒரு நிமிஷம் நின்றது.

"சரி, துப்பாக்கி?" என்றேன் நான். எனக்குக் கதை வேண்டாம், ஜெயிக்க வழி வேண்டும்.

"உனக்கெல்லாம் எடை கம்மியா, ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு போறது போதும் மாப்பிள்ளை. பழகாதவன் பெருசைத் தூக்கினா கைதான் வலிக்கும். எனக்கு அது ஆகாது. பேட்டரி போட்ட கரண்ட் துப்பாக்கிதான் வேணும். விரலை வெச்சா கொட்டும். ஏற்காட்டுல ஒருக்கா அழுத்தினேன். பின்னாடி போன குண்டு முன்னாடி போன குண்டை முந்தப் பாக்குது. முன்னாடி போனது வழி உடமாட்டேங்குது. நடுவழியில ரெண்டும் கட்டிப் புரண்டு சண்டை."

"சண்டையில யாருங்ணா ஜெயிச்சது?"

"மூணாவதா போன குண்டு. அதுபாட்டுக்குப் போய் ஆளை அடிச்சுருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். இந்தப் பேச்சை வைத்துக்கொண்டு லோடு ஏற்றத்தான் போகிறோம் என்று எனக்குப் பட்டது. ஆனால் அண்ணனுக்குச் சூடு பிடித்துவிட்டது. காற்றுச் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார், பழக்கடையில் தர்பூசணியைத் தட்டுவதுபோல.

"இரும்புச் சிலிண்டர் புதுசா வர்றவங்களுக்கு. விலை கம்மி, கனம் ஜாஸ்தி. கார்பன் சிலிண்டர் கனமே தெரியாது. ஆனா காத்தை அளவா அடைக்கோணும். கொடைக்கானல்ல ஒருத்தன் அளவு தெரியாம அடைச்சுக் குடுத்துட்டான். இடுப்புல மாட்டினதும் கால் தரையில பாவலை. மேலே போறேன், போறேன், போயிட்டே இருக்கறேன். காக்காயெல்லாம் ஒதுங்கி வழி உடுது. அப்புறம் பாக்கெட்டுல இருந்த கல்லைக் கால்ல கட்டித்தான் கீழே இறங்கினேன்."

"பாக்கெட்டுல கல்லு எதுக்குங்ணா வெச்சிருந்தீங்க?" மரகதமணியக்கா விடவில்லை.

"இதுக்குத்தான்! அனுபவம்னா என்னன்னு நெனச்சே?"

அப்போதுதான் கவனித்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் இரைச்சல் அடங்கியிருந்தது. சேல்ஸ்காரர்கள் வாயை மூடி நான் பார்த்ததே இல்லை.

அண்ணன் ஒரு சாயக் குண்டை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். "உருண்டையா, நசுங்காம, புதுசா இருக்கோணும். பழசு குழாய்க்குள்ளயே உடையும், இல்லீன்னா ஆள் மேல பட்டும் உடையாது. நல்ல குண்டுன்னா எப்படி உடையும் தெரியுமா? வால்பாறையில நான் குறி வெச்சது மரத்து மேல இருந்தவனை. அவன் குனிஞ்சுட்டான். குண்டு நேரா மேகத்துல போய் உடைஞ்சுது. அன்னிக்குச் சாயங்காலம் பொள்ளாச்சியில காவிக் கலர்ல மழை. கொடியில காயப் போட்ட வேட்டி சேலையெல்லாம் காவி. வெளியூர்ல இருந்து சந்தைக்கு வந்தவங்க, ஊரே சாமியாராப் போச்சுன்னு நெனச்சு, எதிர்ல வந்தவங்க கால்லெல்லாம் உழுந்தாங்க."

"உங்க கால்ல?"

"நான் மாடு வாங்கப் போயிருந்தேன். மாடே உழுந்துச்சு."

அன்வர் பாய் இருமினார். "அண்ணே, ஆட்டத்துக்கு நேரமாச்சு. உங்களுக்கு எது வேணும்?"

"இருக்கறதுலயே பெருசு" என்றார் அண்ணன். கரண்ட் துப்பாக்கி, கார்பன் சிலிண்டர், உபரிக் குண்டு டப்பாக்கள், முழங்கால் பட்டை, முழங்கை பட்டை என்று கடையை வாரி மேலே மாட்டிக்கொண்டார். கடைசியாக எங்கள் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னார். "என் வித்தையே வேற. அடி பட்ட மாதிரிக் கையைத் தூக்கிட்டு வருவேன். அவுட்டுன்னு நெனச்சு எல்லாம் எந்திரிப்பாங்க. அப்புறம் ஒருத்தன் மிஞ்சமாட்டான்."

"அது போங்காட்டமுங்ணா."

"உனக்குப் போங்கு. ஆடறவனுக்கு ஆட்டம்."

தகரத்துக்கு அந்தப் பக்கம் சேல்ஸ் ரகோத்தமனின் குரல் மெல்லக் கேட்டது. "அந்தாளை முதல்ல போட்டாகணும். கையைத் தூக்கினா நம்பாதீங்க."

விசில் ஊதியது. அதற்கப்புறம் நடந்ததை அப்படியே சொல்கிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. சேல்ஸ் கட்சியில் பதினோரு பேர். பதினோரு துப்பாக்கியும் சென்னியப்பண்ணன் பக்கம் திரும்பின. அவர் டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று விசையை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். தட்டினார், ஊதினார், திட்டினார். அது கரண்ட் துப்பாக்கி, சுவிட்சைப் போட்டால்தான் சுடும். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதற்குள் நெற்றியிலிருந்து செருப்பு வரை ஆரஞ்சு, பச்சை, நீலம்.

அவுட் என்று கையைத் தூக்கினார். அவ்வளவுதான், அடி இரட்டிப்பானது. "அவுட்டுடா! நெசமா அவுட்டுடா!" என்று கத்தினார். "நம்பாதீங்க!" என்று ரகோத்தமன் கத்தினார். "நிறுத்துங்க!" என்று அன்வர் பாய் விசிலை ஊதிக்கொண்டே ஓடினார். யாருக்கும் காதில் விழவில்லை. எனக்கு அண்ணனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதைவிடப் பெருந்துறை பெரிதாகக் கண்ணுக்கு முன்னால் நின்றது, அதனால் குண்டெல்லாம் அவர் மேலேயே தீரட்டும் என்று நானும் அசையாமல் மணல் மூட்டைக்குப் பின்னால் படுத்துக்கிடந்தேன்.

ஒருவழியாக அவர்கள் துப்பாக்கியில் குண்டு தீர்ந்தது. கையில் இருந்த டப்பாவும் காலி. அந்த அமைதியில் மரகதமணியக்கா எழுந்து, புடவைக்கு மேல் மாட்டியிருந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மார்க்கெட்டுக்குப் போகிற நடையில் மைதானத்தைக் கடந்து, கொடியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தார். நாங்கள் யாரும் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. ஜெயித்துவிட்டோம்.

வேனில் அண்ணனால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். "எல்லாம் என் திட்டம்தான்" என்றார். நான் அவர் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றிங்ணா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். பிடித்த இடத்தில் சாயத்துக்கு அடியில் வீக்கம் இருந்திருக்கும்போல, "ஐயோ, உடுடா" என்றார்.

தீபாவளியன்று சேல்ஸ் லோடு ஏற்றியது. நான் பெருந்துறையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, இட்லிக்கும் கறிக்குழம்புக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் சுகந்தியின் சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமன். மாமனார் எனக்கு இன்னொரு இட்லி வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி பெருமையாகக் கேட்டார்.

"இன்னிக்கு உங்க கம்பெனியில லோடு ஏத்தறாங்கன்னு சுகந்தி சொல்லுச்சுங்க மாப்பிள்ளை. எப்படி வந்தீங்க?"

சொன்னேன். தகரக் கொட்டகை, பதினோரு துப்பாக்கி, சுவிட்ச், அவுட் ஆன ஆளை விடாமல் அடித்தது, ஒரு குண்டும் சுடாமல் கொடியோடு வந்த அக்கா என்று நடந்ததை நடந்தபடியே சொன்னேன். பந்தியில் யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா எச்சில் கையோடு சித்தப்பாவைப் பார்த்தார். சுகந்தி குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மாமனார் என் இலைப் பக்கம் குனிந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"லீவு கேட்டேன், குடுத்தாங்கன்னு சொல்லியிருந்தாலே நம்பியிருப்பமுங்க மாப்பிள்ளை."