‘ம்’ என்று ஒரு பதில்

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் குருவுக்கு முப்பத்தொரு வயது. பெயர் குணசீலி. மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறையில் மொபைல் ரிப்பேர் பார்ப்பாள். கேட்பவர்களுக்கு ஆப் எழுதவும் சொல்லித்தருவாள்.

சிஷ்யை ரெஜினாவுக்கு ஐம்பத்திரண்டு. குருவை அவள் ‘மிஸ்’ என்பாள். குரு அவளை ‘அக்கா’ என்பாள்.

சமையலை முடித்துவிட்டு வந்து, ஆறு மாதமாக ரெஜினா எழுதித் திருத்திக்கொண்டிருப்பது ஒரே ஒரு ஆப். குறித்த நேரத்துக்கு அது தானாகவே அவள் கணவர் மரியசூசைக்கு மெசேஜ் அனுப்பும்.

மரியசூசை ஊர்க்கோடி பம்ப் ஹவுஸில் தனியாளாக மோட்டார் பார்க்கிறவர். போன ஈஸ்டருக்கு மறுநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே விழுந்தார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் யாரோ பார்த்தார்கள். அந்த ஒரு மணி நேரமும் ரெஜினா வீட்டில் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டு, பாட்டு வேறு பாடிக்கொண்டிருந்தாள்.

முதலில் காலையில் ஒரு மெசேஜ்தான். ‘மாத்திரை போட்டாச்சா?’ பதில் ‘ம்’ என்று வரும். பிறகு மூன்றானது. பிறகு எட்டு. எட்டுக்கும் ‘ம்’.

அன்று ரெஜினா படியேறி வந்ததும் வராததுமாகச் சொன்னாள்:

“மிஸ், அரை மணிக்கு ஒண்ணு போறாப்ல மாத்தணும்.”

“எட்டுக்கும் பதில் வருதே, அக்கா?”

“வருது. வந்த அடுத்த நிமிஷமே, இப்போ எப்படி இருக்காரோன்னு மறுபடி போனையே பாத்துக்கிட்டு உக்காந்துடறேன். எத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணு அனுப்பினா இந்தப் பயம் போகும்?”

குரு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

“பதினொண்ணு ஆகப்போகுது. உங்க மெசேஜ் போகட்டும். சொல்றேன்.”

இருவரும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்கள். கீழே மில்லில் மிளகாய் அரைபட்டது. ரெஜினா தும்மினாள்.

பதினொன்று. மெசேஜ் போனது.

குருவின் மேஜை டிராயருக்குள் ஏதோ அதிர்ந்தது.

ரெஜினாவின் போனில் ‘ம்’ வந்தது.

“இருக்கார்!” என்று மூச்சை விட்டாள். “பாத்தீங்களா?”

குரு டிராயரைத் திறந்தாள். உள்ளே நீல உறை போட்ட போன். மூலையில் மாதா ஸ்டிக்கர். அதை ஒட்டியவளே ரெஜினாதான்.

“காலையில வந்து கொடுத்தார். பாட்டரி மாத்தணுமாம். சாயங்காலம் வாங்கிக்கறேன்னு போனார்.”

“அப்போ... இப்போ பதில் போட்டது யாரு?”

“போன்.”

ரெஜினா தன் போனில் வந்த ‘ம்’மை மறுபடி பார்த்தாள்.

“எத்தனை நாளா?”

“மூணாவது மெசேஜ் சேத்தீங்களே, அந்த வாரத்துலேர்ந்து. தானா ‘ம்’ போடற ஆப்பை எழுதிக் கொடுத்தது நான்தான்.”

“நீங்களா? தினமும் எதிர்ல உக்காந்துகிட்டு வாயத் தொறக்கலையே! நல்லா இருப்பீங்களா, மிஸ்?”

“சொல்ல வேண்டாம்னார்.”

“அப்படி என்ன கேட்டார் அந்த மனுஷன்?”

“‘அது சத்தம் போடறப்பல்லாம் நெஞ்சு திக்குங்குது. இப்போ விழப்போறேனோன்னு இருக்கு. நான் பாக்காமலே பதில் போகணும். அவளும் பயந்துடக் கூடாது’ன்னார்.”

ரெஜினா அந்த நீல உறையைத் தொடவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

“நடுவுல ஒரு நாள் அவர் விழுந்திருந்தா?”

“‘ம்’ வந்திருக்கும்.”

கீழே மில் நின்றது.

“இப்போ இருக்காரா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? போனும் இங்கே கிடக்கு!”

“பம்ப் ஹவுஸ் எவ்வளவு தூரம்?”

“நடந்தா பத்து நிமிஷம்.”

“கடைசியா எப்போ போனீங்க?”

ரெஜினா தலைகுனிந்தாள்.

“போகலை. அவர் விழுந்த அந்தத் தரையை என்னால பாக்க முடியாது, மிஸ்.”

“அவர் தினமும் பாக்கறார்.”

ரெஜினா எழுந்தாள். செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினாள். பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

“போய் அவர்கிட்ட என்னன்னு கேக்கறது?”

“ஒண்ணும் கேக்காதீங்க. அவர் ஏதாவது சொல்வார்.” குரு டிராயரை மூடினாள். “நீங்க ‘ம்’ சொல்லுங்க.”