மைக் செட்டுக்காரர் வீட்டுக் கிளிகள்

ஒரு ஊர்ல ஒரு மைக் செட்டுக்காரர் இருந்தார். பேரு சூசைமாணிக்கம். ஆட்டோ மேல ரெண்டு குழா ஸ்பீக்கரைக் கட்டிக்கிட்டு, ஜவுளிக்கடைத் தள்ளுபடியா, காணாமப் போன ஆடா, எதுவா இருந்தாலும் தெருத்தெருவா அறிவிச்சுக்கிட்டுப் போறதுதான் அவர் வேலை. அவர் வீட்டுக்காரம்மா பிலோமினாவுக்குப் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமையல். இருநூறு பிள்ளைங்க போடுற சத்தத்துக்கு மேல சத்தம் போட்டாத்தான் குழம்பு ஊத்த முடியும். அதனால அந்த வீட்டுல யாருக்கும் மெதுவாப் பேசத் தெரியாது. அவர் சமையக்கட்டுல நின்னு “உப்பு எங்க”ன்னு கேட்டா, எதிர்வீட்டுல இருந்து “அடுப்புக்குப் பக்கத்துலதாண்ணே”ன்னு பதில் வரும்.

ம் சொல்லு. சொன்னாத்தான் கதை நகரும்.

அவங்களுக்கு ஒரே மக. எமல்டா. ஏழாவது படிக்கிறா. அவளுக்குன்னு ஒரு குரல் இருந்துச்சான்னே யாருக்கும் தெரியாது, ஏன்னா அவ வாயத் தொறந்தா வேற யாராச்சும்தான் வருவாங்க. பால்காரர் வருவார், ஹெட்மாஸ்டர் வருவார், குக்கர் விசில் வரும். ஒருநாள் அப்பா குரல்ல “பிலோமினா, ஒரு காப்பி”ன்னா. காப்பி வந்துச்சு. அப்பா அன்னிக்கு ஊர்லயே இல்ல.

அப்புறம், அந்த எமல்டாவுக்குப் பிறந்தநாள் வந்துச்சு, ரெண்டு கிளிக்குஞ்சும் வந்துச்சு. நம்ம மரத்துக் கிளி இல்ல, அதை அடைச்சு வைக்கக் கூடாது. இது கிளி விக்கிற பாட்ஷா பாய் கடையிலேயே பொரிச்ச வெளிநாட்டுக் கிளி. பச்சை உடம்பு, மஞ்சள் நெத்தி, அண்ணனும் தங்கச்சியும். அண்ணனுக்குப் பக்கோடான்னும் தங்கச்சிக்கு மிச்சர்னும் பேர் வச்சா. பேர்தான் பலகாரம். கைய கூண்டுப் பக்கம் கொண்டு போனா “கர்ர்ர்... கீச்”சுன்னு ஒரு கத்து, அப்புறம் ஒரு கொத்து. ரெண்டும் ஒரு மூலைல போய் ஒட்டிக்கிட்டு, இவளை ஏதோ போலீஸைப் பாக்குற மாதிரி பாக்கும்.

அப்போ பாட்ஷா பாய் ஒண்ணு சொல்லிட்டுப் போனார். “அக்கா, எட்டு நாள் பாருங்க. கைல வந்து உக்காந்தா உங்களுது. இல்லேன்னா நான் திருப்பி எடுத்துக்கிறேன். மிரண்டதுகளை ஜோடியா வச்சுப் பழக்க முடியாது. ஆளுக்கொரு வீடாப் பிரிச்சுக் குடுத்துடுவேன்.”

ரெண்டையும் பிரிக்க விடக் கூடாதுன்னு எமல்டா முடிவு பண்ணிட்டா. ஏன்னா அந்த ரெண்டும் தூங்குறதைப் பாத்துட்டா. இது மூக்கை அதோட கழுத்துக்குள்ள சொருகி, அது றெக்கைய இது மேல போட்டு. எது பக்கோடா எது மிச்சர்னே தெரியாம, ஒரே உருண்டையா.

ம்? ம்.

“எனக்கா தெரியாது”ன்னு எமல்டா ஆரம்பிச்சா. முதல்ல அப்பா குரல். அப்பா பேசினா ஊரே நின்னு கேக்குமே, கிளி கேக்காதா? மைக்கை வேற எடுத்துட்டு வந்துட்டா. டொக் டொக்குன்னு தட்டி, “அன்பார்ந்த பக்கோடா அவர்களே, மரியாதைக்குரிய மிச்சர் அவர்களே, தாங்கள் உடனடியாகக் கைக்கு வருமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்”னா. மைக்கு “கூஊஊய்ங்”னுச்சு. கூண்டு தடதடதடன்னு ஆடுச்சு. பக்கோடா தண்ணிக் கிண்ணத்துல விழுந்துச்சு, மிச்சர் பக்கோடா மேல விழுந்துச்சு. ரெண்டு நாள் ரெண்டும் கொய்யாப்பழத்தைத் தொடவே இல்ல.

சரி, அப்பா வேணாம், அம்மா குரல். அம்மா சாதக் கரண்டிய அண்டால தட்டி “வாங்கடா, சாப்பிட வாங்கடா”ன்னா இருநூறு பிள்ளைங்க ஓடி வருமே, இது ரெண்டே ரெண்டு. அதனால கூண்டுக் கதவைத் தொறந்து வச்சா. தட்டை எடுத்தா. டங் டங் டங். “வாங்கடா, சாப்பிட வாங்கடா, வரிசைல நில்லுங்கடா.” ஓடித்தான் வந்துச்சுங்க. ஆனா சாப்பிட இல்ல. பர்ர்ர்ருன்னு அவ தலைக்கு மேல போயி, ஒண்ணு திரைச்சீலைல தொங்குச்சு, ஒண்ணு மாதா படத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிச்சு. நிஜ அம்மா ஓடி வந்து, “ஏண்டி, என் குரல்ல யாருடி கூப்பிட்டது”ன்னு நிஜக் குரல்ல கத்தினதுல, தொங்கினது அலமாரிக்குப் பின்னால விழுந்துச்சு. எடுத்து உள்ள விடுறதுக்குள்ள எமல்டா விரல்ல நாலு கடி.

நாளு அஞ்சாச்சு.

மூணாவதா ஒரு யோசனை. இதுங்க வளந்தது பாட்ஷா பாய் கடைல. அப்போ பாய் குரல்னா உசிரா இருக்குமே. மூக்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, பாய் மாதிரியே, “கண்ணுகளா, வாடா ராஜா, ஜிக்கி ஜிக்கி ஜிக்கி”ன்னா. ரெண்டும் சட்டுனு தலையத் தூக்குச்சு. எமல்டாவுக்குச் சிரிப்பு தாங்கல. மெதுவா கைய உள்ள விட்டா. அவ்வளவுதான். பாய் எப்பெல்லாம் ‘ஜிக்கி’ன்னாரோ அப்பெல்லாம் ஒரு கிளியப் பிடிச்சு அட்டைப் பெட்டில போட்டு யாருக்காச்சும் குடுத்தார், அது இவளுக்கு எங்க தெரியும்? பக்கோடா கட்டை விரல்ல ஒண்ணு, மிச்சர் சுண்டு விரல்ல ஒண்ணு. எமல்டா “ஆஆஆ”ன்னு போட்டா பாரு ஒரு சத்தம், அது மட்டும் அவளோட சொந்தக் குரல். அதுவும் பாதில கிர்ருன்னு கிழிஞ்சு, காத்தாப் போயிருச்சு.

தூங்கிட்டியா? இல்லேல்ல. கேளு.

மறுநாள் எந்திரிச்சா, தொண்டைல சத்தமே இல்ல. அப்பா குரல் இல்ல, பாய் குரல் இல்ல, குக்கர் கூட இல்ல. “ஹ்... ஹ்”ன்னு காத்து மட்டும். அம்மா வெதுவெதுன்னு உப்புத்தண்ணி கலந்து குடுத்து, “மூணு நாளைக்கு வாயத் தொறக்காத. மணிக்கொரு தடவை கொப்புளி”ன்னுட்டாங்க. தெருவே நிம்மதியா தூங்குச்சு.

பேச்சு இல்லாத பிள்ளை எங்க போவா? கூண்டுக்குப் பக்கத்துல போய் உக்காந்தா. உள்ள கைய விட்டு, தினைக்கதிர் ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு, சும்மா. கை வலிக்கும், எடுப்பா. தண்ணிய வாய்ல ஊத்தி அண்ணாந்து “களகளகளகள”ன்னு கொப்புளிப்பா, வாசல்ல போய்த் துப்பிட்டு வருவா, மறுபடி கைய விடுவா. களகளகள. மறுபடி கை. சாயங்காலத்துக்குள்ள கை மரத்து, அது யாரோட கைன்னே அவளுக்குத் தெரியல.

அப்போ, டொக். கம்பில ஒரு நகச் சத்தம். மிச்சர் ஒரு அடி வச்சுது. டொக். நின்னுச்சு. தலையச் சாச்சு ஒத்தைக் கண்ணால பாத்துச்சு. டொக். கதிர்ல ஒரு தினைய எடுத்து, நறுக். திரும்ப ஓடிருச்சு. எமல்டா மூச்சே விடல. அப்புறம் ரெண்டாவது தினை, மூணாவது தினை. மறுநாள் ஒரு கால் விரல் மேல, அப்புறம் ரெண்டு காலும். சில்லுனு இருந்துச்சு அந்தக் கால். அவ வாழ்க்கைலயே ஊருக்குச் சொல்ல வேண்டிய பெரிய சேதி அதுதான். சொல்லத்தான் குரல் இல்ல.

அந்த நேரம் பாத்து அப்பா உள்ள வந்தார். எமல்டா வாய்ல விரலை வச்சுக் காட்டினா. அப்பா தலையாட்டிட்டு, அவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு ரகசியமா, “பிலோமினா, கிளி கைல உக்காந்துருச்சு”ன்னார். எதிர்வீட்டுல இருந்து “சந்தோசம்ண்ணே”ன்னாங்க. கிளி மூலைக்கு ஓடிருச்சு.

எட்டாவது நாள். பாட்ஷா பாய் வந்துட்டார், கைல ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி ரெண்டு. ஒண்ணு இல்ல, ரெண்டு. எமல்டா பெட்டியவே பாத்துக்கிட்டு நின்னா.

“என்ன பாப்பா, கைக்கு வந்துச்சா?”

எமல்டா தலையாட்டினா.

“நான் பாக்கணுமே”ன்னு பாய் கூண்டுக்கிட்ட குனிஞ்சு, பழக்க தோசத்துல, “ஜிக்கி ஜிக்கி”ன்னுட்டார். போச்சு. ரெண்டும் மூலைல ஒரே உருண்டை. எமல்டா கூண்டுக் கதவைத் தொறந்து தினையக் காட்டினா, வரல. விரலை நீட்டினா, வரல.

“விடுங்கக்கா, பிள்ளைக்கு ஆசை. ஆனா இதுங்க பழகல”ன்னு பாய் ஒரு பெட்டியத் தொறந்தார்.

எமல்டா “ஹ்... ஹ்”ன்னா. யாருக்கும் புரியல. நூறு பேரு குரல் தெரிஞ்ச பொண்ணுக்கு ‘நில்லுங்க’ன்னு சொல்ல ஒரு குரல் இல்ல. கண்ணுல தண்ணி முட்டுச்சு. திரும்பிப் பாத்தா, ஜன்னல்ல அந்த உப்புத்தண்ணி டம்ளர்.

எடுத்தா. வாய்ல ஊத்தினா. அண்ணாந்தா.

களகளகளகள.

பாய், “பாப்பாவுக்கு என்னாச்சுக்கா”ன்னார்.

மூலைல உருண்டை அசைஞ்சுச்சு. டொக். டொக். டொக். மிச்சர் கதவு வழியா வந்து எமல்டா மணிக்கட்டுல ஏறுச்சு. பின்னாலயே பக்கோடா, தத்தித் தத்தி, முழங்கை, தோளு, காது. அங்க நின்னுக்கிட்டு, கழுத்தை அண்ணாந்து, கண்ணை மூடி, “களகளகளகள”ன்னுச்சு. இந்தப் பக்கம் மிச்சர் “களகளகள”. எமல்டா வாய் நிறையத் தண்ணிய வச்சுக்கிட்டு சிரிச்சா என்னாகும்? பாய் சட்டை நனைஞ்சுச்சு.

பாய் துடைச்சுக்கிட்டே ரெண்டு பெட்டியையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகினார். “இருபது வருசமா கிளி விக்கிறேன். கொப்புளிக்கிற கிளிய எவன் வாங்குவான்? உங்க வீட்டுலயே இருக்கட்டும்”னு போயிட்டார்.

அப்புறம் எமல்டாவுக்குக் குரல் வந்துருச்சு. அப்பா, அம்மா, பாய், குக்கர், எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க. ஆனா எந்தக் குரல்ல கூப்பிட்டாலும் அதுங்க வராது. டம்ளரைத் தூக்கணும். அப்பா, அம்மா கூட அப்படித்தான் கூப்பிடணும். காலைல அந்தத் தெருப் பக்கம் போனா, மூணு மனுசங்களும் ரெண்டு கிளியும் சேந்து களகளகள.

ம்?

ம் காணோம். சரி, கிளி உள்ள போயாச்சு, கூண்டு மேல துணி போட்டாச்சு, கதையையும் மூடியாச்சு. இந்தா, உன் மேலயும் போர்வை. தூங்கு.