ஆறு பாட்டிலும் ஆறாவது விதியும்

கம்பம் பள்ளத்தாக்கில் கொத்துப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே திராட்சைக்குக் குறைவில்லை, தண்ணீருக்கும் குறைவில்லை. மூன்றாவதாக ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் தட்டுப்பாடு. அது இல்லை என்று தெரிந்துகொள்ளவும் அதுவே வேண்டும் என்பதால், ஊரில் யாரும் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

அந்த வருடம் பன்னீர் திராட்சை பந்தல் தாங்காமல் காய்த்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. போன வருடத்துப் பழத்தை எருமைகள் தின்று தீர்த்தன. இந்த வருடமும் அதே கதை என்றால் கொடியை வெட்டிப் போட்டுவிட்டுப் பீர்க்கங்காய் ஏற்றிவிடுவேன் என்று பேச்சியம்மாள் தன் புருசன் சுருளிவேலிடம் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள். கல்லுக்கால் ஒவ்வொன்றையும் தன் தோளில் சுமந்து வந்து நட்ட பந்தல் அது. சுருளிவேலுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் புதுச்சேரியிலிருந்து பெலிக்ஸ் என்பவர் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. அவர் ஒயின் ஆலை தொடங்கப் போகிறவர். ஒயினின் ருசி தெரிந்தவர்கள் வளர்த்த பழத்தைத்தான் வாங்குவது என்று ஒரு பிடிவாதம் அவருக்கு. அதற்காக ஆறு பாட்டில்கள் அனுப்பியிருந்தார். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், அதற்கப்புறம் கடல் தாண்டிச் சிலி, அர்ஜென்டினா. எல்லாம் அந்தந்த நாட்டில் பேர்பெற்ற தோட்டக்காரர்கள் வடித்தவை. கூடவே, எப்படி ருசி பார்க்க வேண்டும் என்று தமிழில் ஏழு விதிகள் எழுதிய ஒரு தாள். பழகி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், உங்களுக்கு ருசி தெரிந்திருந்தால் பழம் முழுக்க நானே எடுத்துக்கொள்கிறேன் என்று கடிதத்தில் இருந்தது.

சுருளிவேல் உடனே திராட்சை விவசாயிகள் சங்கத்தைக் கூட்டினார். சங்கம் என்றால் மூன்று பேர். அவர் தலைவர். மூக்குக்கண்ணாடி இருந்த காரணத்தால் கூடலிங்கம் செயலாளர். மூன்றாமவர் மொக்கராசு, வாயில் வெற்றிலை இல்லாத நேரத்தில் தூங்குகிறவர்.

பாட்டில்களை இருட்டான, குளிர்ந்த இடத்தில் படுக்க வைக்கவும் என்றது முதல் விதி. அப்படிப்பட்ட இடம் ஊரிலேயே மொக்கராசு வீட்டு உள்ளறை ஒன்றுதான். அங்கே அவருடைய மாமியார் படுத்திருந்தாள். வந்திருப்பது வெளிநாட்டு விருந்தாளிகள், மாமியார் உள்ளூர்தானே என்று அவளைக் கட்டிலோடு வாசலுக்குத் தூக்கி வந்துவிட்டு, பாய் விரித்து ஆறு பாட்டில்களுக்கும் தலையணை வைத்தார்கள்.

மறுநாள் மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றுப்பட வைத்தார்கள். கம்பத்துக் காற்று போதாது என்று கூடலிங்கம் விசிறியும் விட்டார். நிறத்தை வெள்ளைத் துணிக்கு எதிரே பார்க்கச் சொல்லியிருந்தது. அன்றைக்கு வெள்ளையாக இருந்த ஒரே துணி கூடலிங்கத்தின் வேட்டி. அதனால் மற்ற இருவரும் நிறம் பார்த்து முடிக்கும்வரை அவர் ஆடாமல் நிற்க வேண்டியதாயிற்று. மூக்கை உள்ளே விட்டு முகரவும் என்பதை மொக்கராசு கடைசிவரை செய்து பார்த்தார். ஒரு மடக்கு மூக்கு வழியாகவே போய், கண் வழியாக வந்தது.

ஆறாவது விதியில்தான் தகராறு.

"வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு ஒரு பாத்திரத்தில் துப்பவும். விழுங்கக் கூடாது" என்று கூடலிங்கம் படித்தார். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவையும் படித்தார்.

"துப்புறதுக்கு எதுக்குப்பா இம்புட்டுத் தூரத்துல இருந்து வரவழைக்கணும்?" என்றார் மொக்கராசு.

சுருளிவேல் கையமர்த்தினார். "நீ வெத்தலைய முழுங்குறியா?"

"இல்ல, துப்புறேன்."

"அதுல ருசி இருக்கா, இல்லையா?"

மொக்கராசு நன்றாக யோசித்தார். "இருக்கு."

"அவ்வளவுதான். ருசி இருக்கிறதத் துப்பணும். இல்லாததத்தான் முழுங்கணும்."

கூடலிங்கம் தன் வீட்டுக் குழம்பை நினைத்துப் பார்த்து, ஆமாம், இத்தனை வருசமாக முழுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டார்.

ஒரு குடத்தை நடுவில் வைத்து மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பிரான்சைத் துப்பினார்கள், இத்தாலியைத் துப்பினார்கள், சாயங்காலத்துக்குள் அர்ஜென்டினாவையும் துப்பி முடித்தார்கள். போர்ச்சுகலின்போது மொக்கராசு இருமியதில் ஒரு வாய் உள்ளே போய்விட்டது. தலைவர் பெரிய மனது பண்ணி அதை மன்னித்தார். மொக்கராசு வெற்றிலையை மட்டும் வாயிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லித் தாளில் எங்கேயும் இல்லை.

எஞ்சியதை மூடிப் பத்திரப்படுத்தவும் என்றது ஏழாவது விதி. எஞ்சியது குடம் நிறைய இருந்தது. மண்ணெண்ணெய்ப் புனலைக் கழுவி எடுத்துவந்து, எந்த நாட்டுக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் ஆறு பாட்டிலிலும் சரிசமமாக ஊற்றி அடைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெலிக்ஸ் காரில் வந்து இறங்கினார். தொண்டை வறண்டிருந்தது. சுருளிவேல் மரியாதையாக அர்ஜென்டினாவைத் திறந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, குடத்தைத் தானே ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். பெலிக்ஸ் வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார், கண்ணை மூடிச் சுழற்றினார். குடம் முன்னால் நகர்ந்தது. அவர் விழுங்கிவிட்டார்.

"ஒரு புகையிலை வாசம். அடியில ஏதோ கொட்டையோட துவர்ப்பு. இந்தத் தோட்டத்து ஒயின்ல இதுவரைக்கும் நான் இப்படி ஒண்ணக் கண்டதே இல்ல" என்று சொல்லி இன்னொரு கிளாஸ் வாங்கி, அதையும் விழுங்கினார்.

மூவரும் பந்தலுக்கு அடியில் ஒதுங்கி ஆலோசித்தார்கள். அவரே எழுதின விதியை அவரே மீறுகிறாரே என்று கூடலிங்கம் வருத்தப்பட்டார். எழுதினவர் படித்திருக்க மாட்டார் என்றார் மொக்கராசு. சுருளிவேல் தலைக்கு மேல் தொங்கிய குலைகளைப் பார்த்தார்.

"பீர்க்கங்கா வந்தா வரட்டும்" என்றார். "ருசி தெரியாத மனுசன் கையில எம்பழத்தக் குடுக்க மாட்டேன்."

திரும்பி வந்து, ஆறாவது விதியைப் பணிவாக எடுத்துச் சொன்னார். பெலிக்ஸ் சிரித்தார். இவ்வளவு நல்லது கிடைத்தால் யார் துப்புவார்கள் என்றவர், பாட்டில்களைப் பார்த்துவிட்டு, நீங்கள் ஏன் இன்னும் ஒன்றைக்கூடத் தொடவில்லை என்று கேட்டார்.

சுருளிவேலுக்கு ரோசம் வந்துவிட்டது. "தொடலயா? மூணு பேரும் ஆறையும் ருசி பாத்தாச்சுங்க. ஒழுங்கா இந்தக் குடத்துல துப்பி, மிச்சத்தத் திருப்பி ஊத்தி மூடியும் வச்சாச்சு."

பெலிக்ஸ் குடத்தைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். மொக்கராசுவின் சிவந்த வாயைப் பார்த்தார். அடுத்த கணம் வாய்க்காலுக்கு ஓடினார்.

அங்கே அவர் துப்பினார். கொப்பளித்துத் துப்பினார், குனிந்து துப்பினார், வரப்பைப் பிடித்துக்கொண்டு துப்பினார். சங்கம் வரிசையாக நின்று பார்த்தது. சுருளிவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு தடவை சொன்னதற்கு இப்படிப் பிடித்துக்கொள்கிற ஆளை அவர் பார்த்ததில்லை. இவருக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்று, அன்று காலை பறித்து வைத்திருந்த பழப் பெட்டிகளை மூவரும் காரில் அடுக்கினார்கள். சீட்டில் அடுக்கி, கூரையிலும் கட்டினார்கள். தள்ளாடி வந்த பெலிக்ஸ் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். மடியிலும் ஒரு பெட்டி வைத்தார்கள். கார் பறந்தது.

சுருளிவேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போய், பழத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று சொன்னார். ஆள் எப்படி, நம்பலாமா என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

"தங்கமான மனுசன்" என்றார் சுருளிவேல். "ரோடு திரும்புற வரைக்கும் பாத்துட்டுத்தான் வாறேன். நம்ம பழத்துல ஒண்ண எடுத்து வாயில போட்டாரு. போட்ட வேகத்துல சன்னல் வழியாத் துப்பிட்டாரு."