கவுன்சிலர் காரை இறக்கிய வீரணன்

கவுன்சிலர் தங்கமாயன் தன் பவுசைக் காட்ட, வீட்டு வாசல் ரோட்டில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு வேகத்தடை போட்டிருந்தார். அவருடைய டிரைவர் வீரணனின் மனைவி இட்லி விற்கும் தள்ளுவண்டியோடு அதில் ஏறி இறங்குவதற்குள் பாதிச் சாம்பார் கொட்டிவிடும். தெருவே கெஞ்சியும் மனிதர் அசையவில்லை.

ஒருநாள் வீரணனைக் கூப்பிட்டார். "நம்ம காரு உசரம் குறைஞ்சு, தரையோட தரையா ஓடணும். மெக்கானிக் கடைக்காரனுக்கு எதுக்குத் தண்டம் அழணும்? நீயே வீட்டுல வச்சு இறக்கு. நாளைக்குக் கல்யாணத்துக்கு அதுலதான் போறேன். முடியலைன்னா வேற வேலை பாத்துக்க."

"இறக்கிடலாம்ங்கய்யா. ஆனா வாசல்ல..."

"சொன்னதைச் செய்யி."

வீரணன் ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கி, குட்டை ஸ்பிரிங் மாட்டிவிட்டான்.

மறுநாள் கவுன்சிலர் பின்சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்தார். வீரணன் ஓட்ட, கேட்டைத் தாண்டிய கார் வேகத்தடை மேல் அடிவயிறு மாட்டிப் படுத்துக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. முகூர்த்தம் நெருங்கிவிட்டது.

"இந்த எழவை உடைச்சுத் தள்ளுங்கடா" என்று கத்தினார் கவுன்சிலர்.

அவர் வாயை மூடுவதற்குள், சொல்லி வைத்ததுபோல வீட்டுக்கு ஒரு கடப்பாரை வந்தது. ரோடு சமமானது.

கவுன்சிலர் வீரணனை முறைத்தார். "கடையில குடுத்திருந்தா இப்படி ஆகியிருக்குமாடா?"

"ஆகியிருக்காதுங்கய்யா. கடைக்காரன் காரை மட்டும்தான் இறக்கியிருப்பான்."